ச்சாப், ச்சோப்: ஒரு சொல்லா, பல சொற்களா?

‘ச்சாப்’ (chop) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. ஆங்கிலப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அங் மோ கியோ வாசகி: “கம்பெனி ச்சாப் போட்டு அனுப்புங்கள்” என்று லண்டனுக்கு எழுதினேன். அவர்களுக்குப் புரியவில்லை. ச்சாப் என்றால் வெட்டுவதுதானே, டீச்சர்?

நீங்கள் எழுதியது வேறு ச்சாப், தங்கச்சி. வெட்டுகிற ச்சாப் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். முத்திரை என்ற பொருளில் வருவது இந்தியில் அச்சு, முத்திரை என்று பொருள்படும் ‘சாப்’. வணிகர்களோடு கப்பலேறிச் சீனத் துறைமுகங்கள் வரை போனது. மலாயிலும் அதே சொல் உண்டு. 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுத்துதான் chap என்பதிலிருந்து cap என்று மாறியது, ஒலி மாறவில்லை. வீட்டில் கோடாலித் தைலம் இருக்கும் அல்லவா? மலாய்க்காரர்கள் அதை ‘சாப் காப்பாக்’ என்பார்கள். காப்பாக் என்றால் கோடாலி, ஆக கோடாலி முத்திரை. நம் பெரியவர்கள் “சாப்பா குத்து” என்பதும் இந்தக் குடும்பம்தான். முத்திரை தரத்துக்கு அடையாளம் என்பதால் ‘ஃபர்ஸ்ட் ச்சாப்’ முதல் தரமானது. ஆஸ்திரேலியாவில் ‘நாட் மச் ச்சாப்’ என்றால் சரக்கு சுமார்தான்.

லண்டனுக்கு எழுதும்போது ‘ஸ்டாம்ப்’ என்றே எழுதுங்கள்.

தெம்பனிஸ் மாணவர்: ‘ச்சோப்’ ஆங்கிலமா?

சிங்கப்பூர் ஆங்கிலம். ஏதாவது பொருளை வைத்து இடம் பிடிப்பதைச் சொல்வது. முத்திரை ச்சாப்பிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. போன வாரம் தேக்கா உணவு நிலையத்தில் ஒரு பாட்டி, பிரியாணி வரிசைக்குப் போகுமுன் மேசையின் நான்கு மூலையிலும் நான்கு டிஷ்யூ பாக்கெட் வைத்தார். ஒன்று காற்றில் விழுந்ததும் திரும்பி வந்து, மேலே குடையையும் வைத்துவிட்டுப் போனார். முத்திரை குத்துவது வேறு எப்படி இருக்கும்? தேர்வுக் கட்டுரையில் மட்டும் உரையாடலுக்கு வெளியே எழுதாதே.

பீஷான் வாசகர்: ச்சாப்-ச்சாப்?

சீக்கிரம். சீனத் துறைமுகக் கலப்பு ஆங்கிலம் தந்தது. ச்சாப்ஸ்டிக்கில் இருப்பதும் இதே ச்சாப். பெரியவர்களிடம் சொல்லாதீர்கள், அதட்டலாகக் கேட்கும்.

ஈசூன் தாய்: சாக்ஸஃபோன் வாசிக்கும் மகனுக்கு ‘குட் ச்சாப்ஸ்’ இருக்கிறதாம்.

பாராட்டு. ச்சாப்ஸ் என்றால் தாடை, வாய். ஊதுபவர்களின் வாய்த்திறமை பிறகு எல்லா வாசிப்புத் திறமைக்கும் பெயரானது.

ஜூரோங் வாசகர்: நைஜீரியாக்காரர்கள் சாப்பிடுவதை ‘ச்சாப்’ என்கிறார்கள். நம் ‘சாப்பிடு’தானே, ஐயமென்ன?

இல்லை ஐயா. வாயில் போட்டு விழுங்குவதற்கு ஆங்கிலத்திலேயே பழைய ‘ச்சாப்’ உண்டு, மேலே சொன்ன தாடையின் உறவு. மேற்கு ஆப்பிரிக்க வழக்குக்கு அதுவே போதும். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கட்டாதீர்கள்.

அதே வாசகர்: காசுதான் ‘கேஷ்’ ஆனது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்களே!

நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். கேஷ் இரண்டு உண்டு. சீனாவிலும் இந்தியாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர் நம் காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. இன்று கடையில் கேட்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று ஆங்கிலத்தில் நமக்கு உறுதியான சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெருமைப்படுவோம். இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் நம்ப மாட்டார்கள்.

செங்காங், பொங்கோல், உட்லண்ட்ஸ்: சாப்பாடும் ச்சாப் சூயியும்?

மூன்று பேருக்கும் ஒரே பதில். உறவில்லை. ச்சாப் சூயி என்ற உணவின் பெயர் கான்டனீஸ் என்ற சீன மொழிச் சொல், பலதும் கலந்த துண்டுகள் என்று பொருள். ஒலியை வைத்து உறவு கட்டாதீர்கள் என்று இப்போதுதானே சொன்னேன்.

புக்கிட் பாத்தோக்: ‘பாரோ’, ‘லெண்ட்’ குழப்பம்?

தனிப் பாடம், இன்னொரு நாள்.

பிடோக் வாசகி: மான்செஸ்டரில் இருக்கும் தம்பி “ஐ ஆம் ஃபார் தி ச்சாப்” என்று செய்தி அனுப்பியிருக்கிறான். விசாவில் முத்திரை விழப்போகிறதா?

இல்லையம்மா. அங்கே அப்படிச் சொன்னால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அவன் அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறான். இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.