எல்லோருக்கும் டிஜிட்டல் அணுகல் என்றால் என்ன?

பிறப்புச் சான்றிதழ் பிரதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாமே, அப்புறம் ஏன் 'எல்லோருக்கும் டிஜிட்டல் அணுகல்' என்று தனியாகப் பேசுகிறார்கள்?

அரச சேவையை ஒவ்வொருவரும் தன் மொழியில், கட்டுப்படியாகும் செலவில் இணையத்தில் பெற முடிவதுதான் அது. கடை சரியில்லாவிட்டால் வேறு கடைக்குப் போகலாம்; இந்தச் சான்றிதழைத் தர அரசை விட்டால் ஆளில்லை. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து வெருகலில் ஒரு அம்மாவுக்கு ஓடிபி (கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்) ஆங்கிலத்தில் வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை படிவம் அப்படியே நிற்கும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, திருகோணமலைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வர கிண்ணியா மக்கள் படகுப்பாதைக்குக் காத்து நின்றார்கள். கச்சேரி இருந்தது, போய்ச்சேருவதுதான் பெரும்பாடு. இணையத்தளமும் அப்படித்தான்.

சேவை இணையத்துக்கு வந்தால் கவுண்டரை மூடிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு 1919 என்ற அரச தகவல் தொலைபேசி இலக்கத்தில் தமிழில் விபரம் கேட்கவும், பிரதேச செயலகத்துக்கு நேரில் போகவும் வழி இருந்தே ஆகவேண்டும்.