வேலை போன வீட்டில் முதலில் எந்தச் செலவில் கை வைப்பது?

கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது, இனி என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும், எதை முதலில் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நாங்கள் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பிறையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தார். அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். நான் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். அதனால் நீங்கள் இப்போது இருக்கும் நிலை எனக்குப் புரிகிறது.

முதலில் ஒன்று: அடுப்படியில் கை வைக்காதீர்கள். நம் கையில் இருப்பது அதுதான் என்பதால் நாம் அங்கேதான் ஆரம்பிப்போம். மீனை நிறுத்துவோம், பிள்ளைகளின் பாலைக் குறைப்போம், கடைசியில் நம் தட்டைக் குறைப்போம். 10 கிலோ உள்ளூர் அரிசி 26 ரிங்கிட், உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 ரிங்கிட். இதில் எவ்வளவுதான் பிடிக்க முடியும்? வெளியே பொட்டலம் கட்டி வாங்கும் தாப்பாவ் சாப்பாட்டை நிறுத்தினால் போதும். அதற்கு மேல் சமையலறையில் பிடிக்கும் காசு வீட்டு மனிதர்களின் உடம்பிலிருந்து எடுப்பது.

குறைப்பதற்கு முன்னால், வர வேண்டிய பணத்தை வாங்குங்கள். உங்கள் கணவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதிக்குப் பிடித்திருப்பார்கள். 2018-இல் தொடங்கிய திட்டம் அது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30 என்று கிடைக்கும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 6,000 ரிங்கிட். சந்தா கட்டிய மாதங்களைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை வரும். தொகை இறங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். முதல் மாதத்துப் பணத்தைப் பார்த்து, சமாளித்துவிடலாம் என்று செலவை அப்படியே விட்டால் மூன்றாம் மாதம் மூச்சு முட்டும். நாங்கள் முதல் மாதத்திலிருந்தே 40 விழுக்காட்டுக்குத்தான் கணக்குப் போட்டோம்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் வரும் என்று சொன்னால் போட வேண்டாம். தானாக வேலையை விட்டவருக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடும் இருக்கிறது. 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்கியவர் ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. இரண்டு வருடத்துக்கு மேல் ஐந்துக்குள் என்றால் 15 நாள். அதற்கும் குறைவென்றால் 10 நாள், ஆனால் ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும். காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், தொழில் உறவுத் துறையில் புகார் செய்யவும் அதே 60 நாள்தான்.

அடுத்தது தவணைகள். உண்மையான சேமிப்பு இங்கேதான். எங்களிடம் இரண்டு காடி, அதாவது கார், இருந்தது. அவருடையதை விற்றுக் கடனை அடைத்தோம். மாதத் தவணை, ரோடு டாக்ஸ், காப்புறுதி எல்லாம் ஒரே அடியில் போனது. தீவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவதென்றால் அவர் மோட்டார் சைக்கிளில் போவார். 2019-லிருந்து மோட்டாருக்குப் பினாங்குப் பாலத்தில் டோல் இல்லை, காடிக்கு 5.74 ரிங்கிட். அஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியை நிறுத்தினோம். வீட்டுக் கடனுக்கு, ஒரு மாதம் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போனோம். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு. கிரெடிட் கார்டும் சேர்ந்து அழுத்தினால் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனை இலவசம், பினாங்கிலும் கிளை இருக்கிறது. இ.பி.எப். என்னும் ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் முதல் எடுக்கலாம். முடிந்தவரை அதைத் தொடாமல் வைத்திருங்கள். ஆனால் அலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், போவதா அதில் எடுப்பதா என்ற நிலை வந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மருத்துவக் காப்புறுதியை மட்டும் நிறுத்த வேண்டாம். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை வேலையோடு போய்விடும். சொந்த அட்டையையும் விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கும், ஏற்கெனவே இருக்கும் நோய்களைச் சேர்க்க மாட்டார்கள். அவருடைய இரத்த அழுத்த மாத்திரையை அரசாங்க கிளினிக்குக்கு மாற்றினோம். அங்கே ஒரு ரிங்கிட். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிச் சொல்வது எந்தப் பட்டியலிலும் இருக்காது. வேலை போனதை மறைப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. பல வீடுகளை அதுதான் சாய்க்கிறது. சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தால் பழையபடியே மொய் வைக்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தண்ணீர்ப்பந்தலுக்குப் போன வருடம் கொடுத்ததையே கொடுக்க வேண்டும். தெரிந்த அக்கா நடத்தும் புதிய கூட்டுச் சீட்டில் சேர மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. காலையில் எங்கோ வேலைக்குப் போவதுபோல் கிளம்பும் ஆண்களும் இருக்கிறார்கள், பெட்ரோல் போட்டுக்கொண்டு. இதையெல்லாம் தாங்கப் பணமும் போதாது, மனமும் போதாது.

நாங்கள் சொல்லிவிட்டோம். முதலில் என் மாமியாரிடம், பிறகு அண்ணன் தம்பிகளிடம். அவரே சொல்லட்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் அழுதார். ஆனால் அந்தத் தீபாவளிக்கு யாரும் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தனார் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை வாங்கிக் கொடுத்தார், அவருடைய நண்பர் ஒருவர் பகுதிநேர வேலை ஒன்றைச் சொன்னார். சொல்லாமல் மறைத்திருந்தால் யார் உதவ முடியும்?

இன்னொன்று, கணக்கு நோட்டை அவரிடம் கொடுங்கள். சம்பாதிப்பவள் நான் என்று செலவை நீங்களே கட்டுப்படுத்தினால், அவர் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் உங்களிடம் கேட்க வேண்டிவரும். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கிய மனிதர் அவர். என் சம்பளம் வந்ததும் அவர்தான் பிரித்து வைப்பார், நான் தலையிட மாட்டேன். மின்சார பில்லை நான் பார்த்ததைவிட அவர் கவனமாகப் பார்த்தார்.

புதிய வேலை சீக்கிரம் கிடைத்துவிட்டால் மறுபடி சொக்சோவுக்குத் தெரியப்படுத்துங்கள். மீதியிருக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தொகையாகக் கொடுப்பார்கள். பழைய கம்பெனியிடம் அந்த வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் இ.ஏ. படிவத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்தின் நடுவில் வேலை போனவருக்கு மாதாமாதம் பிடித்த வருமான வரி பெரும்பாலும் தேவைக்கு மேல் போயிருக்கும். அடுத்த வருடம் கணக்குக் கொடுத்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும்.