மலையை வலம் வாருங்கள்: கேனரி தீவுகளில் குடும்பத்தோடு கார் பயணம்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். பிப்ரவரியில் பத்து நாள் விடுமுறை. நான், மனைவி, எட்டு வயது மகள், இந்தியாவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பா அம்மா என ஐந்து பேர். லான்சரோட்டேயில் தொடங்கி கிரான் கனாரியா, டெனரீஃப், லா கோமேரா வழியாக லா பால்மாவில் முடிக்கலாம் என்று திட்டம். ஒரே வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போக முடியுமா? அப்பாவுக்கு 71 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். மலைப்பாதையில் பள்ளத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். சாலையின் வலப்பக்கம் ஓட்டி எனக்கும் பழக்கமில்லை.

பதில்: ஐந்து தீவுகளில் மூன்றை இப்போதே விட்டுவிடுங்கள். டெனரீஃப், லா கோமேரா இரண்டும் போதும். இந்தத் தீவுகளில் பலமுறை கார் ஓட்டியவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: பத்து நாளில் ஐந்து தீவு என்றால் உங்கள் பெற்றோர் அதிகம் பார்க்கப்போவது துறைமுகக் காத்திருப்புக் கூடங்களைத்தான். இந்தத் தீவுக்கூட்டம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 500 கி.மீ. பரந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, கப்பலுக்கு முன்னதாகப் போய் நின்று, புது ஊரில் வீடு தேடிச் சாவி வாங்குவதற்குள் ஒரு பகல் முடிந்துவிடும். லான்சரோட்டேயின் எரிமலைப் பாழ்வெளியும் லா பால்மாவின் விண்மீன் மலையும் தனித்தனிப் பயணத்துக்கு உரியவை.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். 2024 ஏப்ரல் 20 அன்று இந்தத் தீவுகளில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி, சுற்றுலாவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டு வாடகை, தண்ணீர், சாலை நெரிசல் எல்லாவற்றிலும் அவர்களுக்கு நியாயமான வேதனை இருக்கிறது. குறைந்த இடத்தில் அதிக நாள் தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, காலை நெரிசலில் அவர்களுடைய வேலைப் பாதையை அடைக்காமல் போகிற விருந்தாளியாக இருப்பது நம்மால் முடிந்த காரியம்.

அப்பா அம்மா இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்கிறார்கள் என்றால் முதல் வேலை விசா. கேனரி தீவுகள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி இருந்தாலும் ஸ்பெயினின் பகுதி. ஷெங்கன் விசா இல்லாமல் அவர்கள் இறங்க முடியாது, பிரிட்டன் விசா அங்கே செல்லாது. உங்களுக்கு பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிம அட்டை இருந்தால் போதும். அப்பாவையும் ஓட்டுநராகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அவர் இந்தியாவிலிருந்தே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்திருக்க வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காரைக் கப்பலில் ஏற்றுவது பற்றி. கப்பல் நிறுவனங்கள் தாராளமாக ஏற்றிக்கொள்ளும். தடுப்பது வாடகை ஒப்பந்தம். பல நிறுவனங்கள் காரை எடுத்த தீவிலேயே திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருக்கும். அனுமதியின்றி ஏற்றினால் காப்பீடு அந்த இடத்திலேயே செத்துவிடும். அனுமதி தருகிற நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: டெனரீஃபில் எடுத்த காரை அதே தீவின் துறைமுக ஊரான லோஸ் கிறிஸ்தியானோஸில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலில் நடந்து ஏறுங்கள். ஐம்பது நிமிடத்தில் லா கோமேராவின் சான் செபஸ்தியான் வந்துவிடும். துறைமுகத்திலேயே அடுத்த காரை எடுத்துக்கொள்ளலாம், முன்பதிவு செய்திருந்தால். டிக்கெட் எடுக்கும்போது ஒரு கவனம்: இணையப் பக்கத்தில் ‘ரெசிதெந்தே’ என்ற பெட்டியைத் தொட்டால் விலை முக்கால்வாசி குறைந்து காட்டும். அது தீவில் குடியிருப்பவர்களுக்கு அரசு தரும் 75 சதவீதச் சலுகை. தெரியாமல் அதில் வாங்கியவர்கள் கப்பல் வாசலில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கார் எடுப்பதில் விலைப்பட்டியலின் முதல் வரியைப் பார்த்து மயங்காதீர்கள். சேதம் ஏற்பட்டால் முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி காப்பீட்டில் உண்டா, கிரெடிட் கார்டில் எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். கார்டு ஓட்டுநர் பெயரில் இருக்கவேண்டும். எரிபொருளை நிரப்பி வாங்கி நிரப்பிக் கொடுக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். மண்பாதையில் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. ஐந்து பேருக்கு அகலமான வேன் வேண்டாம். மலைக் கிராமத்துச் சாலையில் அது உங்களைப் பாடாய்ப் படுத்தும். ஆனால் மிகச் சிறிய எஞ்சினும் ஐந்து பேரைச் சுமந்து 2,000 மீட்டர் ஏறும்போது திணறும். நடுத்தர அளவுக் கார், ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி என்பதுதான் கணக்கு. கியரைப் புதுப் பக்கத்தில் பழகும் சுமை வேண்டாமென்றால் ஆட்டோமேட்டிக் கேளுங்கள். சீக்கிரம் தீர்ந்துபோகும், இப்போதே பதிவு செய்யுங்கள். மகள் 135 செ.மீ. உயரத்தைத் தாண்டவில்லை என்றால் குழந்தை இருக்கை கட்டாயம். வீட்டிலிருப்பதையே கொண்டுபோங்கள்.

இனி ஓட்டுவது. வலப்பக்கம் ஓட்டுவதில் முதல் மணி நேரம் ஆபத்தானதல்ல. அப்போது எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள். மூன்றாம் நாள் அதிகாலையில், ஆளில்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெறிச்சோடிய சாலைக்குத் திரும்பும் நொடியில்தான் கை பழைய பக்கம் போகும். பக்கத்தில் அமரும் மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் “வலம்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஓட்டுநராகிய நீங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி அமர்ந்திருக்கவேண்டும். ரவுண்டானாவில் வெளிப்பாதையில் இருப்பவருக்கே வெளியேறும் உரிமை. உள்பாதையிலிருந்து குறுக்கே பாயாதீர்கள். ஊருக்குள் ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள தெருக்களில் வேகம் 30 கி.மீ. மட்டுமே.

அப்பாவின் தலைசுற்றலுக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே கோயிலை வலம் வருவதுபோல் தீவை வலமாகச் சுற்றினால் மலை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும், நீங்கள் மலையை ஒட்டிய தடத்தில் போவீர்கள், கடலும் பள்ளமும் எதிர்த்தடத்துக்கு அப்பால் நிற்கும். இடமாகச் சுற்றினால் விளிம்பை ஒட்டி ஓட்டவேண்டும். அப்பாவைப் பின்னிருக்கையில் வலப்பக்கம் உட்கார வையுங்கள். சன்னலுக்கு வெளியே அவருக்குப் பாறையும் செடியும் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் கணக்கு மாறி மாறி வரும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. ஒரு விலையும் கொடுக்கவேண்டும்: காட்சிமேடைகள் பலவும் கடல் பக்கம் இருப்பதால் எதிர்த்தடத்தைக் கடந்துதான் நிறுத்த முடியும். தொடர்கோடு போட்ட இடத்தில், வளைவில், அதைச் செய்யவே கூடாது. அடுத்த ரவுண்டானா வரை போய்த் திரும்பி வாருங்கள்.

பயண வரிசையை இதற்கேற்பவே அமைக்கிறேன். டெனரீஃபில் இரண்டு விமான நிலையங்கள். தெற்கு நிலையத்துக்கு வரும் விமானத்தைப் பிடியுங்கள். வடக்கு நிலையம் மேட்டில் இருக்கிறது, மூடுபனி அதிகம். முதல் இரவு தெற்கிலேயே தங்குங்கள். இறங்கிய களைப்போடு தூரம் ஓட்டவேண்டாம். மறுநாள் மேற்குக் கரையாக வடக்கே ஏறுவது வலச்சுற்று. வழியில் சாந்தியாகோ தெல் தெய்தே ஊர்ப்பக்கம் பிப்ரவரியில் வாதுமை மரங்கள் பூத்திருக்கும், கரும் எரிமலைக்குழம்புக்கு நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. அங்கிருந்து மாஸ்கா பள்ளத்தாக்குக்கு ஒரு சாலை பிரிகிறது. சில கிலோமீட்டர்தான். ஆனால் இரு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டிய அகலம். ஒருமுறை அங்கே பஸ்ஸுக்கு எதிரே மாட்டி, மூன்று வளைவு தூரம் பின்னோக்கி ஓட்டியதை என் கைகள் இன்னும் மறக்கவில்லை. உங்கள் அப்பாவோடு அந்தச் சாலை வேண்டாம். மாஸ்கா பார்த்தே தீரவேண்டும் என்றால் நீங்களும் மனைவியும் மகளும் ஊர்ப் பஸ்ஸில் போய் வாருங்கள்.

வடக்கே புவெர்த்தோ தெ லா குரூஸ் ஊரில் மூன்று இரவு. அங்கே வானிலையைப் புரிந்துகொள்வது அவசியம். வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து மலையில் மோதுகிறது. ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் வரை மேகம் படிந்து நிற்கிறது. வடக்கு பச்சையாகவும், மலைக்குப் பின்னால் மழைமறைவில் இருக்கும் தெற்கு வறண்டும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே காலையில் சன்னலைத் திறந்து மேகம் மூடியிருப்பதைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடாதீர்கள். மேகத்துக்குள் பனிவிளக்கு போட்டு மெல்ல ஏறினால், பைன் மரங்களின் ஊசியிலைகளில் மேகமே துளித்துளியாகச் சொட்டுவதைப் பார்ப்பீர்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் திடீரென்று நீலவானம், காலுக்குக் கீழே மேகக்கடல். உங்கள் மகளின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள்.

தெய்தே எரிமலை 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே உயரமானது. மேலே போக நான்கு சாலைகள். வளைவு குறைவான ஏற்றம் லா லகூனாவிலிருந்து எஸ்பெரான்சா காடு வழியாகப் போகும் டி.எஃப்.24 சாலை. வடக்கு வீட்டைக் காலி செய்யும் நாளில் அதில் ஏறி, ரோக்கெஸ் தெ கார்சியா பாறைகளில் நின்று, மேற்கே சியோ நோக்கி இறங்கும் டி.எஃப்.38 சாலையில் தெற்குக்கு வந்துவிடுங்கள். அது அகலமான, மென்மையான இறக்கம். 1909-இல் வெடித்த சின்யேரோவின் கரிய குழம்பு வழியில் வரும். தெற்கே விலாஃப்ளோர் ஊர் வழியாக இறங்கும் சாலையைத் தவிருங்கள், வளைவுகள் அதிகம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி வலுவிழக்கும். குறுகலில் ஏறி வருபவருக்கு வழிவிடுங்கள். பிப்ரவரியில் பனி விழுந்து மேல் சாலைகளை மூடுவது உண்டு. கிளம்பும் காலையில் விடுதியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மூடியிருந்தால் கரையோர நெடுஞ்சாலையில் வரலாம், சுங்கக் கட்டணம் எங்குமே இல்லை.

கேபிள் கார் 2,356 மீட்டரிலிருந்து 3,555 மீட்டருக்கு எட்டே நிமிடத்தில் தூக்கிச் செல்கிறது. ரத்த அழுத்தம் உள்ள அப்பாவை மருத்துவர் சம்மதமின்றி ஏற்றாதீர்கள். அவரும் அம்மாவும் கீழே பாறைகளுக்கு நடுவே வெயில் காயட்டும். அந்த இடமே போதுமான அழகு. காற்று வலுத்தால் கேபிள் கார் நின்றுவிடும் என்பதால் அதை நம்பி நாளைக் கட்டாதீர்கள். கடலுக்கடியில் முக்குளித்தவர்கள் 24 மணி நேரத்துக்கு இந்த உயரத்துக்கு வரக்கூடாது, காரில்கூட.

அன்றிரவு லோஸ் கிறிஸ்தியானோஸில் தங்கி, மறுநாள் காலைக் கப்பலில் லா கோமேரா. மூன்று இரவு. வரைபடத்தில் வட்டமாய்ச் சிறிதாய்த் தெரியும் இந்தத் தீவு உங்களை ஏமாற்றும். நடு உச்சியிலிருந்து பள்ளத்தாக்குகள் குடைக் கம்பிகள்போல் கடல்வரை பிரிகின்றன. கரையோரமாகச் சுற்றிவர முழுச் சாலை கிடையாது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகக் குடையின் உச்சிவரை ஏறி இறங்கவேண்டும். இங்குள்ளோர் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்பவரோடு சீழ்க்கையிலேயே பேசும் சில்போ மொழியை வளர்த்ததும் இதனால்தான். 2009-இல் யுனெஸ்கோ அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது, பள்ளிகளிலும் கற்பிக்கிறார்கள். வலச்சுற்று விதி இங்கே உதவாது. ஒரு நாளைக்கு ஒரு பயணம், நடுக்காடு வரை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரஹோனாய் எனப்படும் அந்த நடுக்காடு லாரல் மரக் காடு; பாசி போர்த்திய மரங்கள், ஈரச் சாலை, திடீர் மூடுபனி. மேற்குக் கரையில் உள்ள வால்யே கிரான் ரேய் ஊருக்கு ஒருமணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து போகவேண்டும். அப்பாவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

சஹாராவிலிருந்து தூசிக்காற்று வந்தால் அதைக் கலீமா என்பார்கள். 2020 பிப்ரவரியில் அது விமான நிலையங்களையே மூட வைத்தது. வானம் பழுப்பாக மாறினால் அன்று ஓட்டாதீர்கள், பெரியவர்களை அறைக்குள் வையுங்கள். இதற்காகவே திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.

வண்டி நின்றுபோனால்: 2026 ஜனவரி முதல் ஸ்பெயினில் முக்கோணப் பலகைக்குப் பதில் வி16 என்னும் மஞ்சள் மின்னும் விளக்கைக் கார் கூரைமேல் வைக்கவேண்டும். அது காரில் எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். ஒளிரும் மேலங்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். அவசர எண் 112.

பெற்றோர் சைவம் என்றால் மோஹோ சாறு தொட்டுக்கொள்ளும் சுருங்கிய உப்பு உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். கோமேராவின் கீரைச் சூப்பில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசி இரவைத் திரும்பவும் டெனரீஃப் தெற்கில் வையுங்கள். கடல் பொங்கிக் கப்பல் தள்ளிப்போனாலும் விமானம் தவறாது. அதற்குமுன் சான் செபஸ்தியானில் பெட்ரோல் நிரப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி, காரை நாலாபுறமும் வீடியோ எடுத்துச் சாவியை ஒப்படையுங்கள். மறுகரையிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸி போதும்.