தம்பியின் ஞாபகசக்தியை எப்போது சோதிப்பது?

கேள்வி: ஐஸ் என்ற போதைப்பொருளை (மெத்தாம்பெட்டமைன்) பாவித்துவந்த என் தம்பிக்கு (வயது 24, உயர்தரம் வரை படித்தவன்) யாரோ தன்னைக் கொல்ல வருவதாகப் பயம் பிடித்து, காதில் குரல்களும் கேட்கத் தொடங்கியதால் வைத்தியசாலையில் சேர்த்தோம். வீடு திரும்பி இரண்டு கிழமையாகிறது. குரல்கள் இப்போது இல்லை. ஆனால் கடைக்கு அனுப்பினால் சொன்ன மூன்று சாமான்களில் ஒன்றைத்தான் வாங்கி வருகிறான். மூளைத்திறனைச் சோதிக்கும்படி கேட்டதற்கு, “கொஞ்சம் பொறுங்கள்” என்கிறார் உளமருத்துவர். சோதித்தால் இது ஐஸால் வந்ததா, வேறு நோயா என்று தெரிந்துவிடாதா?
– ஒரு சகோதரி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் வைத்தியர் தட்டிக்கழிக்கவில்லை. ஐஸை நிறுத்திய முதற் கிழமைகளில் அளவுக்கு மீறிய தூக்கமும் சோர்வும் மனவாட்டமும் இருக்கும். குரல்களை அடக்கத் தரும் மருந்து உடலையும் சிந்தனையையும் மந்தமாக்கலாம். அம்மருந்தால் வரும் கைநடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கப்படும் பென்ஸ்ஹெக்சோல் குளிசை தானே ஞாபகத்தைக் குறைக்கக்கூடியது. இன்று அவரைச் சோதித்தால், கிடைக்கும் புள்ளியில் எது போதையின் மிச்சம், எது மருந்தின் விளைவு, எது நிலைத்த குறைபாடு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிளினிக்குகளில் பரவலாகச் செய்யப்படுவது மொன்றியல் மதிப்பீடு (MoCA) என்ற சுருக்கமான மூளைத்திறன் சோதனை. ஏறத்தாழ 10 நிமிடங்களில் முடியும் இதற்கு 30 புள்ளிகள். ஐந்து சொற்களை வாசித்துக்காட்டிச் சில நிமிடங்கள் கழித்துக் கேட்பார்கள். 100 இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோட்டால் இணைக்கச் செய்வார்கள். 26க்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும். ஆனால் இது முதியோரின் ஆரம்ப மறதியைக் கண்டுபிடிக்க உருவான சல்லடை. 27 எடுத்த இளைஞர் ஒருவர் வேலைத்தலத்தில் திணறவும் கூடும். ஆகவே கவனம், சொற்பட்டியலைக் கற்கும் திறன், வேகம், திட்டமிடல் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கும் விரிவான சோதனையை உளவியலாளரிடம் செய்விப்பதே பொருத்தம். அங்கும் ஒப்பிடும் அளவுகோல் முக்கியம்: ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்களைச் சொல்லத் தடுமாறும் நம் கடற்கரைப் பையனிடம் மீன்களைக் கேட்டால் பாரை, சூரை, அறுக்குளா, விளைமீன் என்று மூச்சுவிடாமல் அடுக்குவான்.

காரணத்தைச் சோதனை சொல்லாது. ஐஸால் வரும் மனப்பிறழ்விலும் மனச்சிதைவு நோயிலும் ஞாபகமும் திட்டமிடலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே பாதிக்கப்படுகின்றன. பாவனையை நிறுத்திச் சுமார் ஒரு மாதம் கடந்தும் குரல்களோ சந்தேகமோ நீடித்தால்தான் வேறு நோயை வலுவாகச் சந்தேகிப்போம். அதற்கு உங்கள் தகவலே பெரிய சான்று: பயம் தொடங்கியது ஐஸுக்கு முன்பா பின்பா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இவ்வாறு இருந்ததா, சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் முன்பு எப்படி இருந்தார் என்று தெரியாமல், இப்போது எவ்வளவு இழந்திருக்கிறார் என்று கணிக்க இயலாது.

பாவனை நின்று, தூக்கம் சீராகி, மருந்தின் அளவும் மாறாமலிருக்கும்போது முதற் சோதனையைச் செய்யலாம். சிறுநீர்ப் பரிசோதனை கடந்த சில நாட்களின் பாவனையை மட்டுமே காட்டும் என்பதால், அதை ஒருமுறை செய்து திருப்தியடைய வேண்டாம். சில மாதங்கள் கழித்து, பழைய சொற்கள் நினைவிலிருந்து உதவாதபடி வேறு பட்டியலுடன் மீண்டும் சோதிக்க வேண்டும். ஐஸை விட்டவர்களில் பலருக்கு ஞாபகமும் கவனமும் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் தேறுகின்றன. எல்லோருக்கும் முழுமையாக அல்ல.

அதுவரை சாமான்களை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். மோட்டார் சைக்கிளைக் கொடுக்க வேண்டாம். பென்ஸ்ஹெக்சோல் தொடர்ந்து தேவையா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குரல்கள் திரும்பினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.