வானத்து சிக்னலுக்கு விலையில்லை: ஜி.பி.எஸ். கருவி வாங்குவோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜியோகேச்சிங் பற்றியவை. ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை, அவர் வெளியிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரும் பொழுதுபோக்கு அது. கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: பிள்ளைகள் இருவரும் இந்தக் கோடை விடுமுறையில் ஜியோகேச்சிங் போக வேண்டும் என்கிறார்கள். நல்ல கையடக்க ஜி.பி.எஸ். கருவி இல்லாமல் தொடங்குவதில் பயனில்லை என்று கடையில் சொல்கிறார்கள். உண்மைதானா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: உண்மையில்லை. உங்கள் கைப்பேசியே போதும்.

அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை சாதாரணக் கருவிகள் நூறு மீட்டர் வரை தவறிக் காட்டக்கூடியவையாக இருந்தன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்துவிட்டு, அந்த இடத்தின் குறிப்பை இணையத்தில் அறிவித்தார். இந்தப் பொழுதுபோக்கு அப்படித்தான் பிறந்தது. அன்று மாறியது வானத்திலிருந்து வரும் சிக்னல். அதன் பயன் விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. திறந்த வெளியில் கைப்பேசி ஏறத்தாழ 4.9 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைக் காட்டிவிடும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளமே சொல்கிறது. ஐந்து மீட்டருக்குள் வந்துவிட்டால், பிறகு தேட வேண்டியது கண்ணும் கையும்தான். பிள்ளைகளுக்கு அதில்தான் மகிழ்ச்சி.

தனிக் கருவிக்குக் கொடுக்கும் பணம் வேறு காரணங்களுக்கானது: நாள் முழுவதும் நடந்தாலும் தீராத பேட்டரி, மழையில் நனைந்தாலும் கீழே விழுந்தாலும் தாங்கும் உடல், உச்சி வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரை, கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான்கள். இவை உங்களுக்குத் தேவைப்படுகின்றனவா என்பது ஒரு கோடை முழுவதும் கைப்பேசியோடு நடந்த பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது வாங்கினால், கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் போன்ற இரட்டை மாடல்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கேட்டு வாங்குங்கள். 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு. 22எக்ஸில் இரண்டும் இல்லை. திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும். பெட்டிக்கு அருகில் வந்து நின்றுவிட்டால் அம்புக்குறி தடுமாறும். ஜியோகேச்சிங்குக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் இதைத் தாமாக முன்வந்து சொல்லும் விற்பனையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி: "ஒரு மீட்டர் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்து ஒரு கருவி வாங்கினேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே அது எட்டு, பத்து மீட்டர் தள்ளி வடிகாலுக்குள் அழைத்துப் போகிறது. நான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்கிறார் கடைக்காரர். (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் செய்தது சரிதான், உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நீண்ட வழியில் வந்து சேர்வதால், கருவி தூரத்தைத் தவறாகக் கணக்கிடுகிறது. அடர்ந்த மரக்கிளைகளின் கீழே சிக்னல் வலுவிழக்கிறது. போதாததற்கு, பெட்டியை மறைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும். அவருடைய பிழையும் உங்களுடைய பிழையும் சேர்ந்தால் பத்து மீட்டர் என்பது இயல்புதான். இரு அலைவரிசைகளை வாங்கும் புதிய கருவிகள் கட்டடங்களிடையே ஓரளவு நன்றாகச் செயல்படும் என்பது உண்மை. ஆனால் எந்த இடத்திலும் ஒரு மீட்டர் என்று சாதாரணக் கையடக்கக் கருவிக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளும் குறையுள்ள பொருள்தான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் எழுத்து வடிவில் கேளுங்கள், மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. வடிகாலில் இறங்கி நின்றது நீங்கள். குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய கருவி ஒன்டாரியோ ஏரியின் நடுவே பெட்டி இருப்பதாகக் காட்டுகிறது. பழுதான கருவியை விற்றுவிட்டார்கள். பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி? (டொரொண்டோ வாசகர்)

பதில்: கருவி பழுதில்லை. குறிப்பில் இருப்பது வடக்கு 43 பாகை (டிகிரி) 47.250 கலை (ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு). நீங்கள் அனுப்பிய, கருவித் திரையின் படத்தில் இருப்பது 43.47250 பாகை. கலையைப் பாகையின் தசமமாக உள்ளிட்டுவிட்டீர்கள்; அந்த ஒரு தவறு உங்களை 35 கிலோமீட்டர் தெற்கே, ஏரிக்குள் கொண்டுபோய்விட்டது. அமைப்புப் பகுதியில் இடக்குறிப்பு வடிவத்தைப் பாகையும் தசமக் கலையுமாக மாற்றுங்கள். நிலப்படத் தளம் (மேப் டேட்டம்) டபிள்யூ.ஜி.எஸ். 84 என்றிருப்பதையும் உறுதிசெய்யுங்கள். கையேட்டைத் திறக்காமலேயே கடைக்காரர் மீது குற்றம் சாட்டும் கடிதங்களால், உண்மையில் ஏமாற்றப்பட்டவர்களின் புகார்களும் நம்பிக்கை இழக்கின்றன.

கேள்வி: மதுரையில் இருந்துகொண்டு இணையச் சந்தையில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட ரீசார்ஜ் செல்கள் நான்கு வாங்கினேன். என் ஜி.பி.எஸ். கருவி இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. கருவியில் குறையா, செல்லில் குறையா? (மதுரை வாசகர்)

பதில்: செல்லில்தான் குறை. இந்த மோசடியைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

டபுள்-ஏ அளவு, அதாவது நாம் கடையில் பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் அளவில், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்றுக்குள் அடைக்கக்கூடிய மின்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. நேர்மையாகத் தயாரிக்கப்பட்ட செல்லில் 2,000 என்றிருக்கும். அதிகத் திறன் வகையில் 2,500 இருக்கும். எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 2,800க்கு மேல் போகாது. அந்தச் சிறிய உருளைக்குள் 3,800, 5,000 என்பதற்கெல்லாம் இடமே இல்லை. உறையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உலோகத்தைக் கூட்ட முடியாது. அதனால்தான் எடை பொய் சொல்வதில்லை. நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறைத் தராசே போதும். 2,000 திறனுள்ள நல்ல செல் ஏறத்தாழ 26, 27 கிராம் இருக்கும். நான் ஒருமுறை 3,800 என்று அச்சிட்ட செல்களை நல்ல விலை கொடுத்து வாங்கி, மலைப்பாதையில் பாதி வழியில் கருவி அணைந்தபின், வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். 2,000 என்று எழுதிய பழைய செல்லைவிட அது கையிலேயே இலேசாகத் தெரிந்தது. மின்விளக்கோ பொம்மையோ நின்றால் எரிச்சலோடு போய்விடும். வழி தெரியாத காட்டில், இருட்டும் நேரத்தில், வழிகாட்டும் கருவி நின்றால் அது உயிரோடு விளையாடுவது. விற்பவருக்கு இது தெரிந்தே நடக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல்களும் சந்தையில் கிடைக்கின்றன. அளவு ஒன்று என்பதற்காக அவற்றைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு செல்லுக்கு 3 வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்கு 7.4 வோல்ட் போனால் அது கருகிவிடும். ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் வேறு. குளிரில் அதைப்போல் உழைப்பது இல்லை. ஏறத்தாழ 15 கிராம்தான் இருக்கும், அந்த இலேசு இயற்கையானது. எந்த வகை செல்லைப் போட்டிருக்கிறீர்களோ அதைக் கருவியின் அமைப்பில் தேர்ந்தெடுத்தால்தான் மீதி அளவு சரியாகத் தெரியும். பயணம் முடிந்ததும் அல்கலைன் செல்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். கசிந்தால் தகடுகளில் வெள்ளைப் பூப்பூத்துத் தொடர்பே அற்றுப்போகும்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். தராசில் செல் இருக்கும் படம், உறையின் படம், விற்பனைப் பக்கத்தின் படம் மூன்றையும் இணைத்து, அந்த இணையச் சந்தையின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். எல்லோரும் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் செல்லின் உறையில் 5,000 என்று அச்சடிக்கிறார்கள்.

கேள்வி: ஜியோகேச்சிங் செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் சந்தா பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். (கோலாலம்பூர் வாசகி)

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. கைப்பேசியின் செயலிக் கடையில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் நண்பரிடம் இன்ரீச் கருவி ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்துக்கு உதவுமே. (கோவை வாசகர்)

பதில்: இன்றே நண்பரை அழைத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் துன்பம் அவருக்கு வரும். செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ். வேறு, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் இன்ரீச் வேறு. இரண்டாவது வகையை உரிய அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இத்தகைய கருவி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிரிட்டன் அரசு தன் குடிமக்களுக்கு இதைக் குறித்துத் தனியாகவே எச்சரித்திருக்கிறது. கருவியை விற்கும் கடைகள் இதை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும், வைப்பதில்லை.

மலைக்கு வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் போங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பிரிட்டனின் தேசிய நிலப்பட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் தரத்தில் முழு பிரிட்டன் வரைபடம் என்று சொல்லி ஒரு மெமரி கார்டை 40 பவுண்டுக்கு விற்றார்கள். திரையின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று வருகிறது. (லெஸ்டர் வாசகர்)

பதில்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் உருவாக்கிய, யாரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய வரைபடம். அதைக் கார்டில் ஏற்றி விற்பது குற்றமில்லை. வேறொன்றின் பெயரைச் சொல்லி விற்பது குற்றம். உங்கள் நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நாள் கடத்தாதீர்கள். பணம் வந்தபின், அதே வரைபடத்தை நீங்களே ஒரு காலி கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். நடைபாதைகளைப் பொறுத்தவரை அது நல்ல வரைபடம்தான்.

கேள்வி: பழைய கருவி ஒன்றை வாங்கினேன். இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. தேதி மட்டும் இருபது ஆண்டு பின்னால் இருக்கிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. அதைப் புரிந்துகொள்ளாத பழைய மென்பொருள் தேதியை ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னே காட்டும். தயாரிப்பாளரின் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் சரியாகும். இல்லையென்றால் அப்படியே பயன்படுத்துங்கள். வழி காட்டுவதில் குறையில்லை.

கேள்வி: நகர நடுவே மறைத்து வைக்க ராணுவப் பச்சை நிற இரும்புப் பெட்டி வாங்கலாமா? மிக உறுதியாக இருக்கிறது. (லண்டன் வாசகர்)

பதில்: வேண்டாம். 2011இல் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் கேச் பெட்டியையே வெடிகுண்டு என்று அஞ்சி, தெருவைக் காலி செய்து வெடிக்க வைத்தார்கள். உள்ளே இருப்பது தெரியும் பெட்டியாக, நான்கு பக்கமும் பூட்டு மடிப்புள்ள உணவு டப்பாவை வாங்கி, ஜியோகேச் என்று பெரிதாக எழுதி, நில உரிமையாளரின் அனுமதியோடு வையுங்கள்.

கேள்வி: பழைய பொருள் சந்தையில் அழகான ஜியோகாயின் ஒன்று வாங்கினேன். அதிலுள்ள எண்ணை ஜியோகேச்சிங் தளத்தில் பதிந்து பார்த்தால் அது வேறொருவருக்குச் சொந்தம், காணாமல்போய்ப் பல ஆண்டுகள் என்று வருகிறது. கொடுத்த பணம் போனதா? (மெல்பர்ன் வாசகி)

பதில்: பணம் வருவது கடினம், விற்றவரைக் கண்டால் கேளுங்கள். கேச்சிலிருந்து கேச்சுக்குப் பயணம் செய்ய விடப்பட்ட நாணயத்தை யாரோ வழியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கடைசியில் உங்களிடம் விலைக்கு வந்திருக்கிறது. எண்ணைப் பதிந்த முதல் உரிமையாளருக்கு அந்தத் தளத்தின் வழியே எழுதுங்கள். பெரும்பாலும் அவர் மகிழ்ந்து, அடுத்த கேச்சில் விட்டுவிடும்படிதான் சொல்வார். இனி வாங்கினால், எண் பதியப்படாதது என்ற உறுதியோடு புதியதாக வாங்குங்கள்.

கேள்வி: நீர் புகாத கருவி என்றார்கள். படகிலிருந்து கடலில் விழுந்து, மறுநாள் வலையில் கிடைத்தது. ரசீதும் இல்லை. மாற்றித் தருவார்களா? (பினாங்கு வாசகர்)

பதில்: தர மாட்டார்கள். இத்தகைய கருவிகளில் நீர் புகாமைக்குப் போடும் ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறிக்குப் பொருள், ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும் என்பதுதான்.