பதில்: அப்பாவுக்கு மூளையில கம்பி வைக்கலாமா, "குரங்கு சோதனை"ன்னு அண்ணன் வேணாங்கிறாரு

தங்கச்சி, உங்க அண்ணன் சொல்றது பாதி சரி. கை நடுங்கி உடம்பு விறைச்சுப் போற பார்க்கின்சன் நோய்க்கு, மூளைக்குள்ள மெல்லிசு கம்பி வச்சு லேசா கரண்ட் கொடுக்கிற இந்த ஆபரேஷனுக்கு வழி குரங்குல ஆரம்பிச்சதுதான், ஆனா அங்கயே நிக்கல.

1982ல கலிபோர்னியாவுல போலி ஹெராயின் ஊசி போட்ட சில பேரு திடீர்னு மரக்கட்டையா உறைஞ்சு போயிட்டாங்க, பார்த்தா பார்க்கின்சன் மாதிரியே, அதுல கலந்திருந்த எம்பிடிபிங்கிற ரசாயனம்தான் காரணம். எலிக்கு அது அவ்வளவா ஏறல, குரங்குக்குக் கொடுத்தா அச்சு அசல் மனுஷன் மாதிரியே விறைப்பு வந்துச்சு. அப்படி ஆன குரங்குகளுக்கு மூளைக்குள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ்னு ஒரு சின்ன இடத்த 1990ல அமெரிக்க நரம்பு டாக்டர் டிலாங் டீம் செயலிழக்க வச்சாங்க, அதுங்க மறுபடி நல்லா அசைய ஆரம்பிச்சுச்சு. 1993ல பிரான்ஸ்ல டாக்டர் பெனபிட் டீம் அதே இடத்துல மனுஷனுக்கு கம்பி வச்சு கரண்ட் கொடுத்தாங்க. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு லா, உங்கப்பா ஒண்ணும் மொத ஆளு இல்ல.

குரங்கு பாவம்தான். எங்க லயத்து பின்னாடி செம்பனைப் பழம் திருட வர்றத பார்த்தாலே மூஞ்சி நம்மள மாதிரி இருக்கும், எனக்கே மனசு ஒரு மாதிரிதான்.

எங்க மாமா 30 வருஷம் பால்மரம் வெட்டுன கை, கடைசில தேத்தண்ணி கிளாஸ் சாஸர்ல கடகடன்னு ஆடும். அவருக்கு கம்பி வச்சப்புறம் கை ஆட்டம் நின்னுச்சு, பேச்சு மட்டும் குளறல் அப்படியேதான். நோய் போகாது, நடுக்கமும் விறைப்பும்தான் குறையும்.

டாக்டர்கிட்ட இத கேளுங்க: பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திர போட்டதும் அப்பாவுக்கு நடுக்கமும் விறைப்பும் நல்லா குறையுதா? குறையுதுன்னாதான் பொதுவா இந்த ஆபரேஷனும் பலன் கொடுக்கும். அண்ணனையும் கூட்டிட்டு போங்க.