வாசகர் கேள்வி: 'தேர்தல் ரத்து' என்று கார்டு வந்தால்…

கேள்வி: 'பணப் பட்டுவாடா புகார்: ஆர்.கே.நகர் தேர்தல் ரத்து' என்று ஒரு டிவி சேனலின் நியூஸ் கார்டு எங்கள் குரூப்பில் சுற்றுகிறது. அச்சு அசலாக இருக்கிறது. பொய்யா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் பக்கத்தில் இதைச் சட்டென்று நம்பக் காரணம் உண்டு. 2017 ஏப்ரல் 12-ல் நடக்கவிருந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் இதே புகாரில் நிஜமாகவே ரத்தாகி, டிசம்பர் 21-ல்தான் நடந்தது.

கார்டில் தேதி இருக்கிறதா பாருங்கள். பிறகு இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். பெரும்பாலும் அசல் கார்டு ஒன்றில் வாசகத்தை மட்டும் அழித்து வேறு எழுதியிருப்பார்கள். அழித்த இடத்தில் பின்னணி நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் போடுவதாக இருக்காது, ஒற்றுப்பிழையும் இருக்கலாம். பதமாகச் செய்தால் இதெல்லாம் தெரியாது என்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை மட்டும் கூகுள் லென்ஸில் கொடுங்கள். எழுத்தோடு கொடுத்தால் அதே போலியின் பிரதிகள்தான் வரிசையாக வரும். சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதிக்கும் போய்ப் பாருங்கள்.

'சேனல் அழித்துவிட்டது' என்பார்கள். ரத்து என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. ஆணையத்தின் இணையதளத்தில் வரும், எல்லாச் சேனலிலும் ஓடும். வாக்காளர் உதவி எண்ணான 1950-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

கேள்வி: 'பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். அது 14 சதவீதம் தாண்டினால் அந்த பூத்தில் மறு வாக்குப்பதிவு' என்கிறார்களே?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மூன்றில் ஒன்று உண்மை. அந்த ஒன்றை வைத்துத்தான் மற்ற இரண்டும் பல தேர்தல்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

டெண்டர் ஓட்டு உண்டு. உங்கள் பெயரில் யாரோ முந்திக்கொண்டிருந்தால், நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று அதிகாரிக்கு நிரூபித்துவிட்டு, காகித வாக்குச் சீட்டில் போடலாம். அது மெஷினில் ஏறாது. தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. 14 சதவீதம் என்று எந்த விதியிலும் இல்லை.

சேலஞ்ச் ஓட்டு நேர் தலைகீழ். 'இவர் அந்த ஆள் இல்லை' என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதுதான் அது. விசாரித்து, நீங்கள்தான் என்று உறுதியானால் ஓட்டுப் போட விடுவார்கள். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது.

இந்த ஃபார்வர்டு செய்யும் கேடு பெரிது. பெயர் விடுபட்டவர், 'அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறார். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் யாராலும் பெயர் சேர்க்க முடியாது. பெயர் சேர்க்கக் கொடுக்கும் மனுவை விசாரிக்கவும் நாள் பிடிக்கும். ஆகவே இன்றே வாக்காளர் அட்டை எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாறியிருந்தால் படிவம் 8. அதே தொகுதிக்குள் தெரு மாறினாலும் அதேதான்.

கேள்வி: வேட்பாளர் ஒருவர் மீனவர்களை இழிவாகப் பேசுவதாக ஆடியோ வந்தது. ஃபார்வர்டு குறியே இல்லை. நம்பலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: குறி இல்லை என்பதால் அனுப்பியவரே பதிவு செய்தார் என்று ஆகாது. டவுன்லோடு செய்து மறுபடி ஏற்றினால் அந்தக் குறி போய்விடும். குரலை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஒருவர் குரலை ஏஐ கொண்டு நகலெடுப்பது இன்று சுலபம். எங்கே, எந்த நாளில் பேசினார், முழுப் பதிவு எங்கே என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். நடுவில் பின்னணிச் சத்தம் திடீரென மாறினால் வெட்டி ஒட்டியிருக்கலாம். பதில் வரும் வரை யாருக்கும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

இதை சி-விஜில் செயலியில் (தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் தந்தது) புகாராக ஏற்றப் பார்க்க வேண்டாம். அந்த இடத்திலேயே செயலிக்குள் எடுக்கும் பதிவைத்தான் அது ஏற்கும். கேலரியில் இருப்பதை ஏற்காது. மெசேஜை அழிக்காமல், வந்த தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாவட்டத் தேர்தல் அலுவலரிடமோ சைபர் கிரைம் போலீசிடமோ கொடுங்கள்.